வாய்மொழி ஆட்சேபணை

நெசவாலைத் தொழிலாளர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் குரலைச் சங்கச் செயலாளருக்குக் கொடுத்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம். குரல் போய்விட்டது என்பதே அவர்களுக்குத் தெரியவந்தது வெள்ளிக்கிழமை காலையில்தான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முந்நூறு தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கிற கூடத்தில், பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோருக்கும் கைதான் வாய். நூல் அறுந்தால் ஒரு விரல், மேஸ்திரி வருகிறார் என்றால் பிடரியைச் சொறிவது, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்க இரண்டு புருவத்தையும் தூக்குவது. உதட்டசைவை வைத்தே ஆறு தறி தள்ளி நிற்பவளின் மாமியார் சண்டையை ஒன்றுவிடாமல் தெரிந்துகொள்வார்கள். எட்டு மணி நேரம் இப்படிப் பேசிவிட்டு, காதுக்குள் தறி அடித்துக்கொண்டே வீடு திரும்புகிறவர்கள் வீட்டிலும் பாதிக்குப் பாதி கைதான் காட்டுவார்கள். புதனும் வியாழனும் வீட்டிலிருந்தவர்கள், இவருக்கு என்னவோ கோபம் என்று நினைத்து, நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டார்கள். வெள்ளி வார விடுமுறை. அன்று காலையில் பாய்லர்காரர் தன் தம்பியைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தார். திட்டு வரவில்லை. திறந்த வாயோடு தெருவுக்கு வந்து பார்த்தால், தெருவே அப்படித்தான் நின்றிருந்தது.

செயலாளர் அந்த ஆலையில் எண்ணெய்க்காரராக இருந்தவர். நீளமூக்கு எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு முந்நூறு தறிக்கும் போகிற வேலை அது. அதனால் யாருக்கு முதுகுவலி, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷன். ஏழாம் வரிசைத் தறிகளைப் பார்த்துக்கொண்டவளிடம், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கைகாட்டித்தான் கேட்டார். நடுவில் இருந்த இருபது தறிக்காரர்களும் அதைப் பார்த்துவிட்டார்கள். அவள் தலையை ஆட்டுவதற்குள் கேன்டீன்வரை செய்தி போய்விட்டது. அவருக்கு முன்னால் இருந்த மூன்று செயலாளர்களும் மேனேஜர் அறைக்குள் புலியாகப் போய், வெளியே வரும்போது வாயடைத்து வந்தவர்கள். மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். இதை நீ சொல்கிறாயா, இல்லை எல்லோரும் சொல்கிறார்களா? அதற்கு அவர்களிடம் பதில் இருந்ததில்லை. அந்தப் புதன்கிழமை, கேட்டுக்கு வெளியே கூடிய கூட்டத்தில், ஐந்து மாத வயிற்றோடு முதல் ஆளாக முன்னே வந்தவள் செயலாளரின் மனைவிதான். "என் குரலையும் எடுத்துக்கங்க. அங்க போயி தயங்காம பேசுங்க" என்றாள். அதன் பிறகு மற்ற நானூற்றுப் பதினொரு பேரும் வரிசையில் வந்து அதையே சொன்னார்கள். ஒரு மணி நேரம் பிடித்தது. சொல்லி முடித்தவர்கள் பேசாமல் விலகி நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

மறுவாரம் செயலாளர் மேனேஜர் அறையில் போய் வாயைத் திறந்தார். நானூற்றுப் பன்னிரண்டு குரலும் ஒன்றாக வந்தன. மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் நகர்ந்துபோய் விளிம்பில் நின்றது. மேனேஜர் எழுந்து செயலாளரின் முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்தார்; அங்கே சுவர்தான் இருந்தது. அன்று அவர் தன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. கால்மணி நேரத்தில் சம்பள உயர்வு, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, கூடத்துக்கு எட்டு மின்விசிறி எல்லாவற்றுக்கும் கையெழுத்து விழுந்தது. தொழிலாளர்கள் செயலாளரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். சத்தமே இல்லாத ஊர்வலம் என்பதால் நாய்கள் மட்டும் குழம்பிப்போய்க் குரைத்தன. குரலைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் பேச்சு அப்போது எழத்தான் செய்தது. ஆனால் போனஸ் பேச்சு அடுத்த மாதம் இருந்தது. அது முடியட்டும் என்று கைகாட்டினார்கள். தறிக்கூடத்தில் குரலுக்கு என்ன அவசரம்? போனஸ் முடிந்ததும் ஷிப்ட் பிரச்சினை வந்தது. ஷிப்ட் பிரச்சினை முடிவதற்குள் பக்கத்து ஆலைச் சங்கமும் செயலாளரைக் கேட்டு ஆள் அனுப்பியது. ஊரில் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவருக்கு மட்டும் வயிறு எரிந்தது. செயலாளர் பேசும் கூட்டத்துக்கு யார் மைக் பிடிப்பார்கள்? அவர் கடையை மூடிவிட்டு சைக்கிள் பழுதுபார்க்கப் போய்விட்டார்.

மனைவி மட்டும் அவசரப்பட்டாள். பிள்ளை பிறக்க ஒரு மாதம் இருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எதிரில் உட்கார்ந்து, என் குரலை மட்டுமாவது கொடுத்துவிடுங்கள், பிள்ளையைக் கூப்பிட வேண்டாமா என்று கையால் கேட்டாள். அவர் நியாயமான மனுஷராகத்தான் யோசித்தார். "உன்னோடத மட்டும் குடுத்தா, பொண்டாட்டிக்கு மட்டும் குடுத்துட்டான்னு பேசுவாங்க" என்றார். பேசுவதற்கு யாரிடம் குரல் இருக்கிறது என்று அவள் விரலை ஆட்டிக் கேட்டாள். அவர் சிரித்தார். கேன்டீன்காரரின் சிரிப்பு அது. ஊரிலேயே நல்ல சிரிப்பு. பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை பிறந்த வலியில்கூட அவளுக்குச் சத்தம் வரவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ், இவ்வளவு பொறுமைசாலியை நான் பார்த்ததே இல்லை என்று மற்ற பெண்களிடம் காட்டிப் பாராட்டினாள். பிள்ளைக்குப் பேச்சு வந்தது ரேடியோவிலிருந்து. முதலில் சொன்ன வார்த்தையே 'தோழர்களே' என்பதுதான். அம்மாவைக் கூப்பிட அது கைதட்டும். அம்மா அதைக் கூப்பிடத் தரையைத் தட்டுவாள்.

வருஷங்கள் ஓடின. செயலாளர் முதலில் வட்டாரத் தொழிற்சங்கங்களுக்குத் தலைவரானார். பிறகு சட்டமன்ற உறுப்பினரானார். பிறகு, எந்தக் கட்சியைத் திட்டி ஜெயித்தாரோ அந்தக் கட்சியிலேயே போய்ச் சேர்ந்தார். சேர்ந்த அன்று அவர் பேசிய பேச்சில் நானூற்றுப் பன்னிரண்டு குரலும் தழுதழுத்தன. எந்தப் பதவிக்குப் போனாலும் ஊர் அவரைச் செயலாளர் என்றே சொன்னது. இதற்குள் அவர் குரல்களைப் பிரித்து வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார். மிரட்டப் பாய்லர்காரரின் குரல். சிரிக்கக் கேன்டீன்காரருடையது. புள்ளிவிவரம் சொல்ல, நூல் குடோனில் மூட்டை எண்ணிய கட்டைக்குரல்காரர். இரங்கல் கூட்டத்துக்கும், ஆறுதல் சொல்வதற்கும், தேர்தல் நேரத்தில் தாய்மார்களிடம் பேசுவதற்கும் மனைவியின் குரல். அது மெதுவான குரல், ஓரம் கொஞ்சம் கரகரக்கும். கேட்டால் யாருக்கும் மனசு இளகிவிடும். ஒரு தடவை எவனோ ஒரு நிலக்கரி வியாபாரி செத்துப்போனதற்காகத் தன் குரல் ரேடியோவில் விம்மி விம்மி அழுததை அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். தன் அம்மா இறந்தபோது அவளால் வாயைத்தான் திறக்க முடிந்திருந்தது. மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். மகளுக்கு அப்போது ஏழு வயது. இத்தனை குரலில் எதும்மா உன்னுது என்று அவள் கேட்பது வழக்கம். அம்மா விரலைத் தூக்கிக் காத்திருப்பாள். ஓர் அரை வாக்கியம் வரும்போது, இதோ என்று விரலை ஆட்டுவாள். அதற்குள் வேறு குரல் வந்துவிடும்.

முதல்வர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதற்குக் காரணம் பாசம் அல்ல. சட்டமன்றத்தில் எந்த மசோதாவானாலும் முதலில் குரல் வாக்கெடுப்புதான். ஆதரிக்கிறவர்கள் 'ஆம்' என்று சொல்ல வேண்டும், எதிர்க்கிறவர்கள் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். எந்தச் சத்தம் பெரிது என்று சபாநாயகர் காதால் கேட்டு முடிவு சொல்வார். செயலாளர் ஒருவர் 'ஆம்' என்றால் போதும். எதிர்க்கட்சி மொத்தமும் தொண்டை கிழியக் கத்தினாலும், இடி இடிக்கும்போது யாரோ இருமியதுபோல இருக்கும். தலைகளை எண்ணுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். எனக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று சபாநாயகர் சொல்லிவிட்டார். அந்த ஐந்து வருஷத்தில் விழுந்துபோன அரசு மசோதா என்று ஒன்றும் கிடையாது. செயலாளருக்குத் தொழிலாளர் நலத்துறை கிடைத்தது. எண்ணெய்க்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைக் கொண்டாட ஆலைத் தொழிலாளர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் தலைநகருக்குப் போய் வாசலில் நின்றார்கள். காவலர் என்ன வேண்டும் என்று கேட்டார். பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. மனு இல்லையென்றால் ஏன் நிற்கிறீர்கள் என்று விரட்டிவிட்டார்.

அவர் அமைச்சரான மூன்றாம் வருஷம் அந்தச் சட்டம் வந்தது. ஆலையை மூட நினைக்கிற முதலாளி அரசிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஒரு விசாரணைக் கூட்டம் போதும். அதில் தொழிலாளர் தரப்பு வாய்மொழியாக ஆட்சேபணை சொல்லிக் கூட்டக் குறிப்பில் ஏறினால் மேற்கொண்டு விசாரிப்பார்கள், இல்லையென்றால் மூடலாம். மசோதாவைக் கொண்டுவந்தவர் செயலாளரேதான். கேன்டீன் ரேடியோவில் அதை நேரடியாக ஒலிபரப்பினார்கள். சாப்பாட்டு இடைவேளை. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, ரேடியோவுக்குள்ளிருந்து அவர்களுடைய குரல்களே 'ஆம்' என்றன. கேன்டீன் ஜன்னல் அதிர்ந்தது. நான் எதற்கு ஆம் சொன்னேன் என்று பாய்லர்காரர் பக்கத்தில் இருந்தவரைக் கையால் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. ஏழாம் வரிசைக்காரிக்குத் தெரியும்; வீட்டில் மேசைமேல் கிடந்த காகிதத்தை அவள் இரண்டு தடவை படித்திருந்தாள். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அதில் எழுதியிருந்ததை எல்லோருக்கும் கையால் சொன்னாள். கேன்டீன்காரர் போய் ரேடியோவை அணைத்தார். அன்று யாரும் சாப்பிடவில்லை.

ஆறு மாதம்கூட ஆகவில்லை, அவர்கள் ஆலைக்கே அறிவிப்பு வந்துவிட்டது. விசாரணைக்கு ஏழு பேர் போனார்கள். அவள் அதில் ஒருத்தி. அதற்கு முந்தின வாரம் முழுக்க அவள் வீட்டில் செயலாளரிடம் குரலைக் கேட்டுப் பார்த்தாள். கைகாட்டினாள், எழுதிக் காட்டினாள், ஒரு நாள் சட்டையைப் பிடித்து உலுக்கியும் பார்த்தாள். பார்ப்போம், பார்ப்போம் என்று தலைநகருக்கே போய்த் தங்கிவிட்டார். விசாரணை அறை குளிரூட்டப்பட்டது. நீள மேசை, பச்சைத் துணி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நடுவில் அமைச்சராகச் செயலாளர். அவருக்கு வலப்பக்கம் ஆலை மேனேஜர். அதே மேனேஜர்தான், தலை மட்டும் நரைத்திருந்தது. இடப்பக்கம் சுருக்கெழுத்துக்காரப் பெண் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். தொழிலாளர்கள் கொண்டுபோன மனுவை வாங்கி முத்திரை குத்தி, வந்த தபால் கட்டோடு சேர்த்துவிட்டார்கள். சட்டம் கேட்டது வாய்மொழி. எழுதிக் கொடுத்தது செல்லாது. மேனேஜர் இருபது நிமிடம் பேசினார். சந்தை சரியில்லை என்றார், எந்திரம் பழசு என்றார். பிறகு அமைச்சர், தொழிலாளர் தரப்பில் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார்.

ஏழு பேரின் கைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. பதினான்கு கை. இருபது வருஷ உழைப்பு, பிள்ளைகளின் படிப்பு, எந்திரம் பழசான காரணம், புதிது வாங்க ஒதுக்கிய பணம் எங்கே போனது என்ற கேள்வி, எல்லாவற்றையும் அந்தக் கைகள் சொல்லின. தறிக்கூடத்தில் அதைப் பார்த்திருந்தால் முந்நூறு தறியும் நின்றிருக்கும். சுருக்கெழுத்துக்காரி பென்சிலைத் தூக்கியபடி, எழுத ஏதாவது வருமா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பாவம், அவள் என்ன செய்வாள்? கடைசியில் ஏழாம் வரிசைக்காரி எழுந்து மேசையைச் சுற்றி வந்து செயலாளர் முன்னால் நின்றாள். என் குரலைக் கொடு, ஒரே நிமிஷம் போதும், சொல்லிவிட்டு உன்னிடமே தந்துவிடுகிறேன் என்று கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை ஒருமையில் கேட்டது அதுதான் முதல் தடவை. செயலாளர் கைப்பேச்சை மறந்துவிட்டாரா, மறந்தவர்போல் இருந்தாரா என்பதில் ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அவருடைய வலது கை மேசைமேல் லேசாக அசைந்ததை அவள் பார்த்தாள். பதில் சொல்லக் கிளம்பிய கை அது. அதை அவர் இடது கையால் மூடிக்கொண்டார். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, ஆறுதலாகச் சொன்னார்.

"கை காட்டுறதெல்லாம் குறிப்புல ஏறாதும்மா."

அதை அவள் குரலிலேயே சொன்னார். வேண்டுமென்று செய்ததாகச் சொல்ல முடியாது. ஆறுதல் என்றால் அந்தக் குரல்தான் வரும் என்று வாய் பழகியிருந்தது. தன் குரல் அவ்வளவு பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கேட்டு அவளுக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் அவர் வாயையே பார்த்தாள். பிறகு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். தொழிலாளர் தரப்பில் ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கப்படவில்லை என்று சுருக்கெழுத்துக்காரி எழுதிக்கொண்டாள். மேனேஜர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

மாத முடிவில் தறிகள் நின்றன. அந்தக் கூடத்தில் முதல் தடவையாக ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பேசினால் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். பேச யாராலும் முடியவில்லை. தறிகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த தேர்தலில் செயலாளர் தோற்றார். வாக்குச்சீட்டில் முத்திரை குத்த யாருக்கும் குரல் தேவையில்லை என்பதை அவர் மறந்துவிட்டிருந்தார். தோற்ற மறுவாரமே கட்சி அவரைக் கைகழுவிவிட்டது. அந்த வாரத்தில்தான் குரல்கள் அவரை விட்டுத் திரும்ப ஆரம்பித்தன. எந்தக் கலவரமும் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்கள்போல ஒவ்வொன்றாக, அவரவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

பாய்லர்காரருக்குத்தான் முதலில் வந்தது. பத்தொன்பது வருஷமாகச் சேர்த்து வைத்த திட்டு ஒன்று அவரிடம் இருந்தது. தெருவில் நின்று வாயைத் திறந்தார். "தவறு செய்தவர்கள் யாராயிருந்தாலும் சட்டப்படி கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் அதேதான். குரல் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இத்தனை காலம் எதைப் பேசப் பழகியதோ அதை மட்டும்தான் அது பேசியது. வாயைத் திறந்தால் அறிக்கை; திறக்காவிட்டால் பழைய ஊமை. குடோன் கட்டைக்குரல்காரர் பேரனைக் கொஞ்சப் போனால் ஐந்தாண்டுத் திட்டத்தின் சதவீதங்கள் வந்தன. கொஞ்ச நாள் தெரு முழுக்க அழுகையும் ஆத்திரமுமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. தேநீர்க்கடைக்காரர் கெட்டிக்காரர். "தங்கள் கோரிக்கை அரசின் கனிவான பரிசீலனையில் உள்ளது" என்று ஒருவர் சொன்னால் அது சர்க்கரை கம்மி, "போர்க்கால அடிப்படையில்" என்றால் ஸ்ட்ராங்காக ஒன்று என்று ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டார்.

செயலாளர் வீட்டுக்கே திரும்பி வந்தார். எல்லோர் குரலும் போன பிறகு அவருடையது என்று எதுவும் மிஞ்சவில்லை; எப்போது தொலைத்தார் என்று அவருக்கே தெரியாது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் வேண்டுமென்றால் சீட்டில் எழுதி நீட்டினார். கைகாட்டினால் அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள் என்பதை முதல் நாளே புரிந்துகொண்டுவிட்டார். அவள் சீட்டை வாங்கி அடுப்படி ஆணியில் குத்தி வைப்பாள். தோன்றும்போது தண்ணீர் வரும். அவளுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை. அவளுடைய குரல்தான் எல்லோருடையதிலும் கடைசியாக வந்தது. வந்ததை யாரிடமும் சொல்லாமல், அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு மகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். "ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று வந்தது. இரங்கலையும் ஆறுதலையும் தவிர அந்தக் குரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள். மகள் எதிரில் அதைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

ஆலை போன ஊரில் பிள்ளைகள் இருந்து என்ன செய்ய? மகளுக்குத் தூரத்து ஊரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை கிடைத்தது. விடுதியில் தங்கிக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரலாம். காலைப் பஸ். அம்மா பெட்டியை ஏற்றிக் கொடுத்தாள், ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தாள், போனதும் கடிதம் போடு என்று கையால் சொன்னாள். மகள் கழுத்தை வளைத்துக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு ஏறினாள். பஸ் கிளம்பியது. நிலையத்தை விட்டு வளையும்வரைதான் அம்மாவால் தாங்க முடிந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பிள்ளையை ஒரு தடவைகூட அவள் வாயால் கூப்பிட்டதில்லை. அவள் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினாள். ஓடிக்கொண்டே, வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"ஈடு செய்ய முடியாத இழப்பு!" என்று நிலையமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "அன்னாரின் பிரிவால் வாடும் குடும்பத்தாருக்கு... அன்னாரின் பிரிவால் வாடும் குடும்பத்தாருக்கு..."

பஸ்ஸில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். கிளம்புகிற நேரத்தில் யாருடைய சாவுச் செய்தியோ என்று ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்தார். மகள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டியிருந்தாள். ரேடியோவில் அரை அரை வாக்கியமாகக் கேட்டுக் கேட்டு வளர்ந்த குரல். அதை இப்போதுதான் முழுசாகக் கேட்கிறாள்.

"கேட்குதும்மா" என்றாள். "நான் நல்லா இருப்பேன். நீ வீட்டுக்குப் போ."

நடத்துநர் விசில் ஊதினார். பஸ் வளைவைத் தாண்டியது. அம்மா மூச்சு வாங்க நின்று, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, வீட்டுப்பக்கம் நடந்தாள். வழியில் காய்கறிக்கடைக்காரி மகள் போய்விட்டாளா என்று விசாரித்தாள். போய்விட்டாள், நல்ல சீட் கிடைத்தது என்று சொல்ல நினைத்து, "அவரது ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறேன்" என்றாள். ஜன்னல் சீட்டா என்று கேட்டாள் கடைக்காரி. அவள் தலையை ஆட்டினாள்.